ராமநாதபுரத்து மழையை மறிப்பது எது?

சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எங்கள் மாவட்டத்துக்கு வடகிழக்கிலும் கடல், தெற்கிலும் கடல். ஆடி மாதம் முழுக்க மேகம் தலைக்கு மேலேயே போகிறது, தூறல்கூட இல்லை. சீமைக் கருவேலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால்தான் மழை வருவதில்லை என்கிறார்களே, உண்மையா?”

உண்மை இல்லை. அந்த மரத்தின் மேல் எனக்கும் கோபம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஈரக் கணக்கு. கோடையில் மன்னார் வளைகுடாவிலிருந்து வீசும் காற்றின் ஒரு கனமீட்டரில் 20 கிராமுக்கும் கூடுதலான நீராவி இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றில் ஏறத்தாழ முக்கால் லிட்டர் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிறது என்று பொருள். கீழக்கரையில் துவைத்த சட்டை நிழலில் காய மறுப்பதும், வெறும் 34 டிகிரியிலேயே வியர்வை ஆவியாகாமல் முதுகில் வழிவதும் இதனால்தான். தரையிலிருந்து வானம் வரை உள்ள நீராவி முழுவதையும் நீராக்கிக் கீழே இறக்கினால் 40, 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். நல்ல மழைக்கு அது தாராளம். இத்தனையையும் ஒரு மரம் குடித்துவிடும் என்றால், அதைக் கடலோரம் வளர்த்துக் குடிநீர்த் திட்டமே தொடங்கிவிடலாம்.

குறைவது ஈரம் அல்ல, அந்த ஈரத்தை மேலே தூக்கும் விசை. மேலே போகும் காற்று விரிந்து குளிரும், குளிர்ந்தால் நீராவி துளியாகும், கீழே இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறும். இவை பள்ளிப் பாடம்தான். ஆனால் “மழை மறைவுப் பகுதி” என்ற பாடத்தில் புத்தகம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. காற்று தன் மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு தமிழ்நாட்டுக்கு வருகிறது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது வெறுங்கையோடு மட்டும் வரவில்லை. சூட்டையும் சுமந்துகொண்டு வருகிறது. எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

அரபிக் கடலிலிருந்து வரும் காற்று கேரளக் கரையில் 28 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் குளிர்ந்தபடி மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத் தொடங்குகிறது. 500 மீட்டரில் 23 டிகிரி. அங்கே மேகம் கட்டுகிறது. இனித்தான் வேடிக்கை. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை விழுங்குகிறது அல்லவா? கடலில் வெயில் கொடுத்த அந்த வெப்பம் நீராவிக்குள் ஒளிந்தே இருந்தது. நீராவி துளியாகும்போது அது வெளியே வந்து காற்றையே சூடாக்குகிறது. ஆகவே மேகத்துக்குள் ஏறும் காற்று முன்போல வேகமாகக் குளிர்வதில்லை. கிலோமீட்டருக்கு 5 டிகிரிதான். 1,500 மீட்டர் உயர முகட்டைத் தொடும்போது 18 டிகிரி. துளிகள் மழையாகக் கேரளத்தில் விழுந்துவிட்டன, அவை விட்டுச்சென்ற வெப்பம் மட்டும் காற்றிடம் இருக்கிறது. இப்போது இந்தப் பக்கம் இறங்குகிறது. மேகம் கரைந்துவிட்டதால் மறுபடியும் கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறும். 1,500 மீட்டர் இறங்கினால் 18 டிகிரியோடு 15 டிகிரி சேர்கிறது: 33. ஏறியபோது 28, இறங்கியபோது 33! ஈரப்பதமோ வெகுவாகக் குறைந்துவிட்டது. வழியில் வேறு எந்த அடுப்பும் இல்லை. கேரளத்தில் மழை பெய்த வெப்பம்தான் கமுதியிலும் முதுகுளத்தூரிலும் மேற்குக் காற்றாக வீசுகிறது. அதற்கு மேல் வெயில் வேறு. தரை காய்ந்து 37 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்கிறது.

மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் காற்று இது. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிக்னல் கிடைத்ததில்லை என்பது அந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிந்தது.

சரி, மேற்குக் காற்று வறண்டது, கடற்காற்று ஈரமானதுதானே, அது ஏன் மழை தருவதில்லை? முற்பகலில் தரை சூடேறியதும் கடற்காற்று உள்ளே நுழைகிறது. அது கனம் கூடியது, குளிர்ந்தது, தரையை ஒட்டிச் சில நூறு மீட்டர் உயரத்துக்கே நிற்பது. அதன் தலைக்கு மேல் கச்சான் ஒரு மூடியாகப் படர்ந்திருக்கிறது. 31 டிகிரியில் இருக்கும் கடற்காற்றைச் சுமார் 750 மீட்டர் தூக்கினால்தான் அதில் மேகம் பிறக்கும். அங்கே போனால் அது 23 டிகிரி சொச்சத்துக்குக் குளிர்ந்துவிடும். அதே உயரத்தில் உள்நாட்டில் கொதித்து வந்த மேற்குக் காற்று கிட்டத்தட்ட 30 டிகிரியில் இருக்கிறது. சூடான காற்றுக்கு நடுவே குளிர்ந்த காற்று எப்படி மேலேறும்? எழுந்த வேகத்திலேயே கீழே இறங்கிவிடும். தப்பித்தவறி உருவாகும் மேகங்களும் அந்த மூடிக்குக் கீழே தட்டையாகப் படர்ந்து ஓடுமே தவிர, கோபுரமாக வளராது. வாசகர் ஆடியில் பார்த்த மேகங்கள் பெரும்பாலும் இவைதான். மோதித் தூக்கிவிட ஒரு குன்றாவது இருந்தால் கதை வேறு. இந்தக் கரையில் தேரி மணல் மேட்டைவிட உயரமாக என்ன இருக்கிறது?

சில நாள் மாலையில் மட்டும் மூடி உடைகிறது. உள்ளே போன கடற்காற்றும் எதிரே வரும் மேற்குக் காற்றும் மோதும் கோட்டில், இரண்டுமே வேறு வழியின்றி மேலே தள்ளப்படுகின்றன. இடி மழை அங்கேதான். ஆனால் அந்தக் கோடு அதற்குள் உள்நாட்டுக்குப் போயிருக்கும். மழை பரமக்குடிப் பக்கம், கடற்கரைக்காரர்களுக்கு அடிவானத்தில் மின்னல். வாலிநோக்கம் உப்பளக்காரர்களுக்கு இதில் வருத்தம் இல்லை. உப்பு விளைந்து நிற்கும் பாத்தியில் ஒரு மழை விழுந்தால் பல நாள் உழைப்பு கரைந்துவிடும்.

கருவேலத்துக்கு வருகிறேன். எல்லா மரங்களையும் போல அதுவும் இலை வழியாக நீராவியை வெளியே விடுகிறது. காற்றிலிருந்து உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்பது வாட்ஸ்அப் அறிவியல். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவால் ஊர் ஊராக அது வெட்டப்பட்டபோதும் இந்தப் பேச்சுதான் முன்னே ஓடியது. அதன் உண்மையான குற்றம் தரையில் இருக்கிறது: கண்மாயையும் ஊருணியையும் வரத்துக்கால்களையும் அடைத்துக்கொண்டு, ஐப்பசியில் வரும் தண்ணீரைத் தேக்க இடமில்லாமல் செய்துவிடுகிறது. அதற்காகத் தாராளமாக வெட்டலாம். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு மாற்று வழி சொல்லிவிட்டு வெட்டினால் இன்னும் நல்லது. மழைக்காகக் கொடும்பாவி இழுப்பதற்கும் மழைக்காகக் கருவேலம் வெட்டுவதற்கும் அறிவியலில் பெரிய வேறுபாடு இல்லை. கொடும்பாவிக்குச் செலவு குறைவு.

ஐப்பசியில் எல்லாம் தலைகீழாகிறது. கச்சான் ஓய்ந்து வாடை எழுகிறது, அதோடு மூடியும் போய்விடுகிறது. வங்கக் கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகளும் சுழற்சிகளும் நாலாபுறக் காற்றையும் குவித்து மேலே தள்ளுகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் பெறும் இந்த மாவட்டத்துக்குப் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 400 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. அரை ஆண்டு மழை ஒரே நாளில்! அதே கடல், அதே தட்டைத் தரை. தூக்கிவிட ஆள் வந்துவிட்டது, அவ்வளவுதான். தலைக்கு மேல் இருப்பது 50 மில்லிமீட்டர்தானே, 400 எப்படி என்று கேட்பீர்கள். குவியும் காற்று கடலிலிருந்து புதிய ஈரத்தை இடைவிடாமல் இழுத்து வந்து அதே இடத்தில் ஏற்றுகிறது.

இத்தகைய மழையைச் சில மணி நேரம் முன்பே கண்டுகொள்ளத் தாழ்வான காற்றைக் கவனிக்க வேண்டும். காரைக்கால் வானிலை ரேடாரிலிருந்து ராமேஸ்வரம் ஏறத்தாழ 190 கிலோமீட்டர். பூமி வளைந்திருப்பதால், அதன் கதிர் இங்கு வந்து சேரும்போது தரையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. முதல் ஒரு கிலோமீட்டரில் நடப்பது எதுவும் அதன் கண்ணில் படாது. ராமநாதபுரத்துக்கும் ஏற்காட்டுக்கும், மழையோடு காற்றின் வேகத்தையும் அளக்கும் டாப்ளர் ரேடார் நிறுவப்போவதாக மாநில அரசு அறிவித்திருக்கிறது. நல்ல செலவு. அதோடு கடலோர ஊர்தோறும் ஒரு தானியங்கி வானிலை நிலையத்தையும், அதைத் துடைத்துப் பழுதுபார்க்கச் சம்பளத்துக்கு ஓர் ஆளையும் பட்ஜெட்டில் சேர்க்கச் சொல்வேன். கருவி வாங்கப் பணம் கிடைத்துவிடுகிறது, அதன் மேல் படியும் உப்பைத் துடைக்கத்தான் கிடைப்பதில்லை.