சரக்கு நம் கடலில், கணக்கு யார் ஊரில்?

ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லில், சரக்கு எந்த மாநிலத்தில், எந்த மாவட்டத்தில் உருவானது என்று கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. 2020 பிப்ரவரியிலிருந்து அதை நிரப்புவது கட்டாயம். ராமநாதபுரத்தில் வரி, ஏற்றுமதி ஆவண வேலை பார்க்கிற எனக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே கொஞ்சம் எரிச்சல்தான். தொண்டியிலும் மண்டபத்திலும் கரையேறிய சரக்கு, குளிரூட்டும் ஆலை இருக்கும் மாவட்டத்தின் பெயரில் போய்க்கொண்டிருக்கிறது. “எந்த மாவட்டம் இருந்தா என்ன சார், காசு வந்தாப் போதும்” என்பார் என்னிடம் வரும் மீன் வியாபாரி ஒருவர். அவருக்கு அது சரி. மாவட்டத்துக்கு?

2024-25இல் தமிழ்நாட்டின் சரக்கு ஏற்றுமதி சுமார் 5,200 கோடி டாலர். அதில் மின்னணுப் பொருட்கள் மட்டும் 1,400 கோடி டாலருக்கு மேல். இந்த டாலரெல்லாம் நேராக மாநிலக் கஜானாவில் விழுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம். மூலப்பொருள் வாங்கும்போது கட்டிய வரியையும் ஏற்றுமதியாளர் திரும்பக் கேட்கலாம். சுங்க வரி என்று ஏதாவது வந்தால் அது ஒன்றிய அரசுக்கு. மாநிலத்துக்கு வருவதெல்லாம் சுற்றுவழியில்தான்: ஆலையில் கொடுக்கும் சம்பளம், அந்தச் சம்பளத்தில் வாங்கும் செல்போனுக்கும் பைக்குக்கும் கட்டும் வரி, லாரிக்குப் போடும் டீசல், ஆலையைச் சுற்றி முளைக்கும் ஐஸ் கம்பெனி, ஒர்க் ஷாப், மெஸ். ஆலை எங்கேயோ அங்கேதான் இதெல்லாம் நடக்கும். ஸ்ரீபெரும்புதூருக்கும் திருப்பூருக்கும் கிடைத்தது இதுதான். நம் மாவட்டத்துக் கீழக்கரைக்கு வெளிநாட்டுப் பணம் வருகிறதே என்றால், அது ஆட்கள் போய்ச் சம்பாதித்து அனுப்பும் பணம். அது வேறு கணக்கு.

நம் கரையில் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் நண்டைப் பாருங்கள்.

நாட்டுப்படகில் வரும் நீலக்கால் நண்டைக் கரையிலேயே எடை போட்டு விற்றால் பணம் கைக்கு வந்துவிடும். கதை அன்றோடு முடிந்தது. அதே நண்டை வேகவைத்து, ஆறவிட்டு, சதை எடுத்தால் கதை நீளும். சதை எடுக்கும் கூடங்களில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் கரையோரப் பெண்கள். பின்னங்கால்கள் உடம்போடு சேரும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெரிய சதைத் துண்டுகள் இருக்கும். உடையாமல் முழுசாக வந்தால் அது ஜம்போ, விலை அதிகம். விரல் கொஞ்சம் அழுந்தி உடைந்துவிட்டால் அதே சதை கீழ்த் தரத்துக்கு இறங்கிவிடும். உடம்பின் மற்றச் சதை ஒரு தரம், கொடுக்குச் சதை இன்னொரு தரம். மூன்று நான்கு கிலோ நண்டுக்குச் சுமார் ஒரு கிலோ சதை தேறும். ஓட்டுத் துண்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று விளக்கு வெளிச்சத்தில் திரும்பத் திரும்பத் தேடுவார்கள். அப்புறம் டப்பாவில் அடைத்து, பாஸ்டுரைஸ் செய்து (சூடேற்றிக் கிருமி நீக்கி), குளிரில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

சதை எடுப்பதுவரை இங்கே நடக்கிறது. டப்பாவில் அடைக்கும் ஆலை பெரும்பாலும் வேறு ஊரில். விலை ஒரே தாவலாக ஏறுவது அந்த டப்பாவில்தான், அந்த லாபமும் அந்த ஊரில்தான் பதிவாகிறது. ஆலை தமிழ்நாட்டுக்குள் இருந்தால் மாநிலக் கணக்கிலாவது சேரும். நம் மீன் லாரி பச்சை மீனாகவே கேரளாவுக்குப் போய், அங்கே பதப்படுத்திக் கப்பலேறினால் அதுவும் இல்லை.

கடல்பாசியிலும் இதே நிலைமை. 1990களில் மண்டபத்தில் சோதனையாகத் தொடங்கிய கப்பாஃபைகஸ் பாசியை (நம் ஊரில் இன்றும் பெப்சிப் பாசிதான்) மூங்கில் மிதவையில் கட்டி 45 நாளில் அறுக்கிறார்கள். காயவைத்து மூட்டை கட்டினால் நம் வேலை முடிந்தது. உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் கேராஜீனனாகவும் பயிர் ஊக்கியாகவும் மாறுவது வெளியூரில். ரூ. 127 கோடித் திட்டமாக நம் மாவட்டத்து வளமாவூரில் 2023இல் அடிக்கல் நாட்டப்பட்ட கடல்பாசிப் பூங்காவை நான் இந்த ஒரு கண்ணோட்டத்தில்தான் பார்க்கிறேன்: நாற்றும் பயிற்சியும் தருவதோடு நின்றால் மூட்டைகளின் எண்ணிக்கைதான் கூடும், ஆலை வந்தால்தான் மாவட்டத்துக்குப் பிரயோஜனம்.

ஆலை வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். வாங்குபவன் ஒரே நாடாக இருந்தால் ஆபத்து கூடவே வரும். வலையில் ஆமை தப்பிக்கும் கருவி இல்லை என்பதற்காக, நம் நாட்டில் கடலில் பிடிக்கும் இறாலை அமெரிக்கா சில வருடங்களாக வாங்குவதில்லை. 2025 ஆகஸ்டில் அதே அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீதான வரியை 50 சதவீதம் ஆக்கியது. இப்படி ஏதாவது வந்தால் ஏற்றுமதியாளர் தன் லாபத்தைக் குறைப்பது கடைசியில்தான். முதலில் குறைவது கரையில் கொடுக்கும் விலையும் கூடத்தில் கொடுக்கும் வேலை நாட்களும். ஐரோப்பாவோ 2010 முதல் பிடிப்புச் சான்றிதழ் கேட்கிறது. எந்தப் படகு, எந்தத் துறை என்ற விவரத்தை ஏஜென்ட் கூடையோடு கூடையாகக் கலந்துவிட்டால் அந்தச் சந்தைக்கு வழி அடைபடும்.

இந்தத் தொழிலில் சொந்தப் பெயரில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்கு: ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடான ஐ.இ.சி. வாங்க அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். பான் எண்ணை வைத்து ஆன்லைனிலேயே வாங்கிவிடலாம். ‘எக்ஸ்போர்ட் லைசென்ஸ்’ என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம் போக வேண்டாம். மீனுக்கு இதோடு கடல்பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையப் பதிவும் வேண்டும். வரி கட்டாமல் அனுப்ப உதவும் எல்.யு.டி. உறுதிமொழியை ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். பழையது மார்ச் 31ஓடு காலாவதி.

இன்னொன்று. “உன் ஐ.இ.சி.யை ஒரே ஒரு தடவை கொடு மாப்ளே, கமிஷன் தர்றேன்” என்று சொந்தக்காரரே வந்து கேட்பார். கொடுக்காதீர்கள். கடல் அட்டை என்ற கடல் உயிரினம் 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதாவது பிடிக்கவோ விற்கவோ கூடாது. அதைக் கடத்துவதற்கு ஆள் தேடுவது இந்தக் கரையில் புதிதல்ல. பெட்டிக்குள் என்ன இருந்தாலும் நோட்டீஸ் வருவது ஐ.இ.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். குறியீட்டை வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடவும் கூடாது. விவரத்தில் எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் இடையில் ஒருமுறை ஆன்லைனில் உறுதிசெய்துவிடுங்கள், இல்லையென்றால் முடக்கிவிடுவார்கள்.