கமிஷனில் சொல்லிவிட்டால் கேஸ் முடிந்ததா?

"ஏனுங்க, கமிஷன்லதான் எல்லாஞ் சொல்லிப்போட்டமுங்களே, இன்னும் கோர்ட்டு வேற எதுக்குங்க?" துப்பாக்கிச்சூடு, குண்டுவெடிப்பு மாதிரி சம்பவங்களை விசாரிக்க அரசு போடும் விசாரணைக் கமிஷனைப் பற்றிய கேள்வி இது. தலைமைச் செயலகத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்று ஈரோட்டுக்கு வந்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கடைசியாக இப்படிக் கேட்ட குடும்பம் நஷ்டஈட்டு வழக்கின் கெடுவையே தவறவிட்டிருந்தது. உயிரிழப்புக்கு சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்பதானால், இறந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். கமிஷன் நடக்கிறது என்பதற்காக அந்தக் கெடு ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது.

மயக்கம் எங்கே வருகிறது என்பது புரிகிறது. மேடையில் ஓய்வு பெற்ற நீதிபதி, சம்மன், பிரமாணப் பத்திரம், குறுக்கு விசாரணை என்று எல்லாமே கோர்ட்டு மாதிரி இருக்கும். ஆனால் 1952ஆம் வருடத்து விசாரணை ஆணையங்கள் சட்டப்படி கமிஷன் யாரையும் தண்டிக்க முடியாது, பரிந்துரைதான் செய்யலாம். அதைவிட முக்கியம் 6ஆவது பிரிவு. ஒருவர் அங்கே சாட்சியாகச் சொன்னதை, பொய்சாட்சி வழக்கு தவிர வேறு எந்த வழக்கிலும் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. உங்களுக்கு இது பாதுகாப்பு, சரி, எதிராளிக்கும் அதே பாதுகாப்பு உண்டே! அவர் கமிஷனில் ஒப்புக்கொண்டதை நம்பி நீங்கள் வீட்டில் உட்கார்ந்தால் எப்படி? 1998 கோவை குண்டுவெடிப்பை நீதிபதி கோகுலகிருஷ்ணன் ஆணையம் விசாரித்தது, ஆனால் 2007இல் தீர்ப்புச் சொன்னது சிறப்பு நீதிமன்றம். இரண்டும் வேறு வேறு தடம்.

அறிக்கை வந்த பிறகு நடப்பது இன்னும் சுவாரஸ்யம். தொகுதி தொகுதியாக வரும் அறிக்கை முழுவதையும் அமைச்சர் படிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் முன்னால் போவது துறை அலுவலகத்தின் கீழ்நிலைப் பிரிவில் எழுதி, செயலாளர் வரை திருத்தப்பட்ட சில பக்கக் குறிப்பு. ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே ஏற்கலாம், ஏற்க இயலாது, ஆய்வு செய்யலாம் என்று இருக்கும். அந்த மூன்றாவதன் அர்த்தம் கிடப்பில் போடுவது என்று எழுதுகிறவருக்கும் தெரியும், கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரியும்.

இதைச் சட்டமன்றம் பிடிக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அதே சட்டத்தின் 3(4) பிரிவின்படி அறிக்கையையும் எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்பையும் 6 மாதத்துக்குள் பேரவையில் வைக்க வேண்டும். தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு அறிக்கை 2022 மே மாதம் அரசிடம் போய், கெடு முடியும் தறுவாயில் அக்டோபர் 18இல்தான் பேரவைக்கு வந்தது. கெடு தாண்டினால் யாருக்கும் தண்டனை கிடையாது, கேட்க ஆள் இருந்தால்தான் நடக்கும்.

ஆகவே எம்.எல்.ஏ.வைப் பார்த்து "அறிக்கை என்னாச்சுங்க" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். இன்ன பரிந்துரைக்கு எந்த அரசாணை, எந்தத் தேதி என்று எழுதிக் கொடுங்கள், அப்போதுதான் அவர் பேரவையில் கேட்க முடியும். அமைச்சர் அவையில் "ஆவன செய்யப்படும்" என்றால் விடாதீர்கள், அதைத் தொடர்ந்து கேட்பதற்கென்றே அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது, நம் மாவட்டங்களுக்கும் ஆய்வுக்கு வருகிறது. அறிக்கை பேரவைக்கு வரும் முன்பே தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு 10 ரூபாயை வீணாக்க வேண்டாம், முன்கூட்டியே கொடுத்தால் அவை உரிமை மீறல் என்று சொல்லி மறுத்துவிடுவார்கள். வந்த பிறகு கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்புப் பக்கங்களைக் கேளுங்கள்.

அதுவரை சும்மா இருக்காதீர்கள் சாமி. எப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, கமிஷனில் கொடுத்த பிரமாணப் பத்திரத்தின் நகல், மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.