நகர்கிறது சரி, எதைப் பொறுத்து?

பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். இயக்கம் பற்றிய முதல் பாடத்தன்று மேசை மேல் ஒரு நோட்டை வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைப்பேன். அப்புறம் நோட்டை மெல்ல ஒரு சாண் இழுப்பேன். "நாணயம் நகர்ந்ததா?" என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். நகர்ந்தது என்று பாதிப் பேர். நோட்டில் வைத்த இடத்திலேயேதானே இருக்கிறது என்று மீதிப் பேர்.

இரு தரப்பும் சொல்வது சரிதான். மேசையைப் பொறுத்து நாணயம் நகர்ந்தது, நோட்டைப் பொறுத்து நகரவில்லை. எதைப் பொறுத்து என்று சொல்லாதவரை என் கேள்விதான் அரைகுறை. எதை வைத்து அளக்கிறோமோ, அதற்குப் பெயர் குறிப்பாயம். ஓடும் படகில் இருப்பவனுக்குக் கரையில் நிற்பவை பின்னால் போவதாகத் தெரிவதுபோலத்தான் விண்மீன்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிகின்றன என்று ஆரியபட்டர் 499லேயே எழுதிவிட்டார். நிலநடுக்கோட்டில் அசையாமல் நிற்பவரும் பூமியின் அச்சைப் பொறுத்து மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

கடந்த மொத்த வழி தொலைவு, புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேர்க்கோட்டில் அளப்பது இடப்பெயர்ச்சி; இரண்டையும் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். 400 மீட்டர் ஓடுபாதையை 80 வினாடியில் ஒரு சுற்று ஓடினால் கடந்த தொலைவு 400 மீட்டர், சராசரி வேகம் வினாடிக்கு 5 மீட்டர். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டதால் இடப்பெயர்ச்சி சுழி, அதை நேரத்தால் வகுத்தால் வரும் சராசரித் திசைவேகமும் சுழி. கால் வலித்தது தொலைவின் கணக்கு!

நான் அதிக நேரம் செலவழிப்பது வேறொரு கணக்கில். இந்தப் பிள்ளைகள் இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வண்டி ஓட்டப் போகிறவர்கள். முன்னால் ஒரு லாரி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. நீங்கள் 80இல் போய் அதை முந்துகிறீர்கள். லாரியின் நீளம், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு சாலை வேண்டும்?

"40 மீட்டர்தானே சார்" என்று சட்டென்று பதில் வரும். அது லாரியைப் பொறுத்த கணக்கு. லாரியிலிருந்து பார்த்தால் உங்கள் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர்தான், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 5.6 மீட்டர். அந்த 40 மீட்டரைக் கடக்க 7.2 வினாடி ஆகும். சாலையைப் பொறுத்து உங்கள் வேகம் 80 ஆயிற்றே. அந்த 7.2 வினாடியில் சாலையில் 160 மீட்டர் போய்விடுவீர்கள். எதிரில் ஒரு வண்டியும் 80இல் வந்தால், அதுவும் அதே நேரத்தில் 160 மீட்டர் உங்களை நோக்கி வந்திருக்கும். ஆக, முந்தத் தொடங்கும்போதே உங்களுக்கும் எதிர்வண்டிக்கும் நடுவில் 320 மீட்டராவது இருக்க வேண்டும். அதுவும் மோதாமல் தப்பிக்க மட்டும்.

கரும்பலகையில் 40க்குப் பக்கத்தில் 320 என்று எழுதும்போது வகுப்பு அமைதியாகிவிடும். லாரியின் பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டே போகும்போது கண்ணுக்கு அந்த 40 மீட்டர்தான் தெரியும். அதனால்தான் இதை மெனக்கெட்டுச் சொல்கிறேன்.

எதிர்வண்டி 100இல் வந்தால் 320 போதாது, 360 வேண்டும். ஆனால் தூரத்தில் தெரியும் முகப்பு விளக்கைப் பார்த்து, அது 80இல் வருகிறதா 100இல் வருகிறதா என்று என் கண்ணால் சொல்ல முடிவதில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் நான் லாரிக்குப் பின்னாலேயே போகிறேன்.