டெட்டனஸ் நஞ்சின் சர்க்கரைப் பிடி

“துருப்பிடித்த ஆணி குத்துவது காலில். அப்புறம் தாடை ஏன் இறுகுகிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

துருவுக்கும் டெட்டனஸுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மண்ணிலும் சாணத்திலும் கிடக்கும் கிளாஸ்டிரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியாவின் வித்துகள் ஆணியோடு உள்ளே போகின்றன. காற்றுப் புகாத ஆழமான புண்ணில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. பாக்டீரியா புண்ணிலேயே தங்கிவிடும்; ஊர்சுற்றுவது நஞ்சுதான். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 2.5 நானோகிராம் இருந்தாலே உயிர் போய்விடும்.

இத்துணூண்டு நஞ்சு நரம்பை எப்படித் தேடிப் பிடிக்கிறது? 1898இல் வாஸர்மன், டகாகி என்ற இரு ஆய்வாளர்கள் மூளைத் திசுவை அரைத்து டெட்டனஸ் நஞ்சுடன் கலந்தார்கள். நஞ்சின் வீரியம் அடங்கிவிட்டது. மூளையில் இருக்கும் ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்துக்கொண்டது! அது கேங்கிளியோசைடு என்ற பொருள் என்று வான் ஹைனிங்கன் என்ற ஆய்வாளர் கண்டறிய ஏறக்குறைய 60 ஆண்டுகள் ஆயின.

கேங்கிளியோசைடு பாதி கொழுப்பு, பாதி சர்க்கரை. கொழுப்பு வால் செல்சவ்வுக்குள் புதைந்திருக்கும். சர்க்கரைத் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தலையில் எதிர்மின்னூட்டம் கொண்ட சயாலிக் அமிலங்கள் கிளைவிட்டிருக்கும். நரம்பு செல்களில் இவை மிக அடர்த்தி. நஞ்சின் நுனியில் இந்தச் சர்க்கரைகளுக்கென்றே இரண்டு குழிகள் உள்ளன. ஒன்றில், நஞ்சுப் புரதச் சங்கிலியின் 1289ஆவது இடத்தில், டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம். அதன் தட்டையான வளையத்தின் மீது சர்க்கரை வளையம் அப்படியே படிந்துகொள்கிறது. மற்றொன்றில் 1226ஆவது இடத்தில் நேர்மின்னூட்டம் கொண்ட ஆர்ஜினைன். அது சயாலிக் அமிலத்தை இழுத்துக்கொள்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே தளர்ந்த பிடிதான். ஆனால் சவ்வு திரவம்போல் நெகிழ்வதால், ஒரு குழியில் ஒரு கேங்கிளியோசைடு சிக்கியதும் பக்கத்தில் மிதந்து வரும் இன்னொன்று அடுத்த குழியில் மாட்டிக்கொள்கிறது. மரமேறுபவர் இரு கைகளாலும் கிளையைப் பற்றியதுபோல் அதன்பின் நஞ்சு நழுவுவதில்லை. இரண்டு குழிகளையும் மரபணு மாற்றத்தால் சிதைத்துப் பார்த்தபோது நஞ்சின் கொல்லும் திறன் பெருமளவு போய்விட்டது. எனக்கு இதைவிட அழகான சான்று தெரியாது.

மற்றதெல்லாம் விரைவில் சொல்லிவிடலாம். நரம்பு முனை நஞ்சை உள்ளிழுக்கிறது. அது நரம்பிழை வழியே தண்டுவடம் ஏறி, தசையை அடக்கி வைக்கும் நரம்பு செல்லுக்குத் தாவி, அங்கே நரம்பின் செய்திப்பொருள்களை வெளிவிட உதவும் சினாப்டோபிரெவின் என்ற புரதத்தை வெட்டுகிறது. தசையை அடக்கும் செய்திப்பொருள்களான கிளைசினும் காபாவும் வெளிவராமல் போக, தசைகள் ஓயாமல் இறுகுகின்றன. தாடைக்குப் போகும் நரம்புகள் குட்டையானவை. ரத்தத்தில் பரவிய நஞ்சு அவற்றின் வழியே சீக்கிரம் மேலேறிவிடுவதால்தான் தாடை முதலில் இறுகுகிறது.

மூளையை அரைத்துக் கலந்த அந்தச் சோதனையை இன்று ஒருவர் முன்மொழிந்தால், “இதனால் என்ன பயன்?” என்று கேட்டே நிதியை மறுத்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். அடிப்படை ஆய்வுக்குப் பொறுமையோடு பணம் ஒதுக்க வேண்டும். புண்ணிலோ குழந்தையின் தொப்புள்கொடியிலோ சாணம் வைப்பதை அறவே விட வேண்டும். அது டெட்டனஸ் வித்துகளைக் கையால் எடுத்துக் கொடுப்பதேதான்.

ஊசி ஏன் முன்கூட்டியே வேண்டும் என்பதும் இதிலிருந்தே விளங்கும். தடுப்பூசியால் உருவாகும் எதிர்ப்பொருள்கள் நஞ்சின் சர்க்கரை பற்றும் பகுதியிலும் ஒட்டிக்கொண்டு அதை நரம்பை நெருங்கவிடுவதில்லை. நஞ்சு ஒருமுறை நரம்புக்குள் போய்விட்டால் எந்த எதிர்ப்பொருளும் அதை எட்டாது.