போலீஸ் ரேடியோவுக்குப் பூட்டு போடுவது எப்படி?

1930-களில் அமெரிக்காவில் விற்ற பல வீட்டு ரேடியோப் பெட்டிகளில், முள் நகரும் தட்டிலேயே 'போலீஸ்' என்று ஒரு பகுதி அச்சிட்டிருக்கும். பாட்டுக் கேட்டு முடித்தவர் முள்ளைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், ரோந்துக் கார் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று கேட்கலாம். அப்புறம் அதற்கென்றே ஸ்கேனர் என்ற கருவி வந்தது. பத்திரிகை அலுவலகங்களில் அது நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். துப்பாக்கிச் சூடு, விபத்து, தீ என எதுவானாலும் அதைக் கேட்டுத்தான் நிருபர் கிளம்புவார்.

இன்று அந்த ஸ்கேனர்கள் ஊர் ஊராக ஊமையாகி வருகின்றன. டென்வர் நகரம் 2019-ல் தன் போலீஸ் ரேடியோவை வெளியார் கேட்க முடியாதபடி பூட்டியது. நியூயார்க் 2023-ல் புரூக்ளினில் ஆரம்பித்தது. சரி, காற்றில் போவதை எப்படிப் பூட்டுவது? ரேடியோ அலை பாரபட்சம் பார்க்காது, ஆன்டெனா வைத்திருக்கும் எல்லோரிடமும் வந்து சேரும். பூட்டு விழுவது அலையின் மேல் ஏறிப் போகும் எண்களுக்கு.

அமெரிக்கப் போலீஸ் பரவலாகப் பயன்படுத்தும் டிஜிட்டல் முறையின் பெயர் பி25. காவலர் பொத்தானை அழுத்திப் பேசியதும் கருவி அவர் குரலை நொடிக்கு 50 துண்டுகளாக நறுக்குகிறது. ஒரு துண்டு 20 மில்லிநொடி. துண்டில் உள்ள ஒலியை அது அப்படியே அனுப்புவதில்லை. சுருதி எவ்வளவு, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பலம், எங்கே தொண்டை அதிர்கிறது, எங்கே வெறும் காற்று சீறுகிறது என்ற வர்ணனையை மட்டும் 88 பிட்டில், அதாவது 0 அல்லது 1 என்ற 88 இலக்கங்களில், எழுதுகிறது. கழுத்தில் விரலை வைத்து 'ம்ம்ம்' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'ஸ்ஸ்ஸ்' என்று சொல்லுங்கள். முதலாவதில் விரல் அதிரும், இரண்டாவதில் அதிராது. கருவி குறித்துக்கொள்வது இந்த மாதிரி வித்தியாசங்களைத்தான். எதிர்முனைக் கருவி அந்த வர்ணனையைப் படித்துக் குரலைப் புதிதாகச் செய்து ஒலிக்கிறது.

இதுவரை ரகசியம் எதுவும் இல்லை. டிஜிட்டல் ஸ்கேனரும் இதே வேலையைச் செய்துவிடும். என்க்ரிப்ஷன் எனப்படும் குறியாக்கம் வருவது அடுத்த படியில்.

அனுப்பும் கருவிக்குள் 256 பிட் நீளமுள்ள ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அந்தச் சாவியையும், ஒவ்வொரு பேச்சுக்கும் மாறும் ஒரு தொடக்க எண்ணையும் ஏஇஎஸ் என்ற கணக்கு முறைக்குள் போட்டால், தாயம் உருட்டியது போல ஒழுங்கே இல்லாத 0, 1 வரிசை கொட்டிக்கொண்டே இருக்கும். குரலின் ஒவ்வொரு பிட்டையும் இந்த வரிசையின் ஒரு பிட்டோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றானால் 0, வேறானால் 1. குரல் 10110, வரிசை 01101 என்றால் காற்றில் போவது 11011. எதிர்முனையில் அதே சாவியால் அதே 01101 பிறக்கும். மறுபடி ஒப்பிட்டால் 10110 திரும்பி வந்துவிடும். நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம்.

தொடக்க எண் வெளிப்படையாகவே போகிறது, சுமார் ஒரு நொடியில் மூன்று தடவை. பாதிப் பேச்சில் ரேடியோவைத் திறந்த காவலரும் அதைப் பிடித்துக்கொண்டு சேர்ந்துவிடலாம். சாவி இல்லாதவருக்கு அந்த எண்ணால் பயன் இல்லை. சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கையை எழுத 78 இலக்கம் வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை.

கணக்கு இவ்வளவு உறுதியாக இருந்தும் கை தவறலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், குறியாக்கம் இயங்குவதாக நம்பிக்கொண்டு மத்திய அரசின் புலனாய்வு அதிகாரிகள் திறந்த அலையில் பேசியது அடிக்கடி சிக்கியது. பூட்டு போட்டிருக்கிறதா இல்லையா என்பது கருவியைப் பார்த்தால் தெளிவாகத் தெரியவில்லை என்பது முக்கியக் காரணம்.

போலீஸ் சொல்லும் காரணங்களை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவரின் பெயரையும் பிறந்த தேதியையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் ஊரே கேட்க வாசிப்பது தவறு. தேடப்படுபவர் போனில் ஆப் வைத்து, வரும் போலீஸின் நகர்வைக் கேட்பதும் ஆபத்துதான். ஆனால் பி25-ல் பூட்டு ஒட்டுமொத்தமானது அல்ல. ஒவ்வொரு பேச்சுக் குழுவுக்கும், அதாவது ஒரு வேலைக்கென்று ஒதுக்கிய பேச்சுத் தடத்துக்கும், தனித்தனியே போடலாம். தனிநபர் விவரம் சரிபார்க்கும் குழுவை மூடிவிட்டு, 'இந்தத் தெருவுக்குப் போ' என்று அனுப்பும் குழுவைத் திறந்து வைக்கக் கருவி தடை சொல்லாது. எல்லாவற்றையும் மூடுவது நிர்வாகம் எடுக்கும் முடிவு, தொழில்நுட்பத்தின் கட்டாயம் அல்ல. மூடிய பிறகு, தெருவில் என்ன நடந்தது என்பதை போலீஸ் சொல்லும்போது, அது சொல்லும் அளவுக்குத்தான் மக்கள் தெரிந்துகொள்ள முடியும்.

சிகாகோ பூட்டிவிட்டு, 30 நிமிடம் தாமதமாகப் பொதுமக்களுக்கு ஒலியை விடுகிறது. நடந்ததைப் பின்னால் சரிபார்க்க அது உதவும். பக்கத்துத் தெருவில் துப்பாக்கியோடு ஒருவர் ஓடுகிறார் என்றால், அந்த அரை மணி நேரம் ரொம்பப் பெரியது.

கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ வேறு வழியில் போனது. தனிநபர் விவரங்களைக் காக்கச் சொல்லி மாநில நீதித்துறை 2020 அக்டோபரில் அறிவுறுத்தியதும், 2021 ஜனவரியில் ரேடியோவை முழுசாகப் பூட்டியது. 2022-ல் மறுபடி திறந்தது. அப்போது வந்த ஏற்பாட்டின்படி, காவலர் ஒருவரின் விவரத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால், முடிந்தவரை செல்போனையோ காரில் உள்ள கணினியையோ பயன்படுத்தினார். மற்றதெல்லாம் முன்பு போலவே திறந்த அலையில் போனது.