நர்ஸிங் ப்ரீரெக்: ஒரு செமஸ்டரில் எத்தனை பாடம் எடுக்கலாம்?

"அக்கா, அனாட்டமி, மைக்ரோ, கெமிஸ்ட்ரி மூணையும் ஒரே செமஸ்டர்ல எடுத்து முடிச்சிடலாமா?"

வாரத்தில் மூன்று நாள் மருத்துவமனையில் நர்ஸாக 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் இங்குள்ள ஒரு கம்யூனிட்டி காலேஜில் அனாட்டமி லேபுக்கு உதவப் போகிறேன். அமெரிக்காவுக்கு வந்து, பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் நர்ஸிங் படிக்கக் கிளம்பும் நம் ஊர்ப் பெண்கள் செமஸ்டருக்கு ஒன்றிரண்டு பேராவது இந்தக் கேள்வியோடு வருகிறார்கள். வேண்டாம்மா என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஏன் என்று இங்கே விவரமாக எழுதிவிடுகிறேன்.

நம் ஊரில் ப்ளஸ் டூ முடித்து பி.எஸ்சி. நர்ஸிங்கில் சேர்ந்துவிட்டால் எந்தப் பாடம் எப்போது என்பதைப் பல்கலைக்கழகமே வகுத்துக் கொடுத்துவிடும். இங்கே அப்படியில்லை. ப்ரீரெக் என்று எல்லோரும் சொல்லும் முன்தேவைப் பாடங்களை நாமே தேர்ந்தெடுத்து முடித்து, அந்த மதிப்பெண்களை வைத்து நர்ஸிங்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். அனாட்டமி அண்ட் ஃபிசியாலஜி இரண்டு பாகம், மைக்ரோபயாலஜி, பல இடங்களில் கெமிஸ்ட்ரி, அப்புறம் இங்கிலீஷ், சைக்காலஜி, ஸ்டாட்டிஸ்டிக்ஸ். ஒரு செமஸ்டரில் எதை எதோடு சேர்ப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பலர் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

கிரெடிட்டைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், மணி நேரத்தைப் பாருங்கள். ஒரு கிரெடிட் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பு, வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம் படிப்பு என்பது இங்குள்ள அரசு வரையறை. 12 கிரெடிட் என்றால் 36 மணி நேரம். ஆனால் லேப் உள்ள 4 கிரெடிட் பாடத்துக்குப் பெரும்பாலும் மூன்று மணி நேரம் வகுப்பு, இன்னும் மூன்று மணி நேரம் லேப். அப்படி மூன்று எடுத்தால் காலேஜில் உட்காருவதே 18 மணி நேரம் ஆகிவிடும். அனாட்டமி ஒன்றுக்கே வீட்டில் வாரம் எட்டுப் பத்து மணி நேரம் படித்தவர்கள்தான் நல்ல கிரேடு வாங்கி நான் பார்த்திருக்கிறேன். சமையல், பிள்ளைகளைக் கொண்டுவிட்டு அழைத்து வருவது எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

லேப் தேர்வு எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்தால் புரியும். மேசைகளில் வரிசையாக எலும்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வண்ண ஸ்டிக்கர். ஒரு மேசைக்கு ஒரு நிமிடம், மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். தோள்பட்டை எலும்பில் ஸ்டிக்கர் ஒட்டிய மேட்டின் பெயர் என்ன, எலும்பு இடப்பக்கத்துடையதா வலப்பக்கத்துடையதா? எழுத்துப்பிழை இருந்தாலும் மார்க் போகும். எலும்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் அந்த ஒரு நிமிடம் போதும். முந்தைய நாள் இரவு படத்தைப் பார்த்து மனப்பாடம் செய்தவர்கள் அங்கே நின்று தவிப்பதைப் பார்க்க எனக்கு இன்றும் மனசு கஷ்டமாக இருக்கும்.

இரண்டு குழந்தைகள் உள்ள ஒரு தங்கை, நான் சொன்னதையும் மீறி மூன்றையும் எடுத்தாள். ஆறாவது வாரம் சின்னவனுக்குக் காய்ச்சல். இரண்டு லேப் போனது, அதைத் திரும்பச் செய்ய வழியில்லை. மைக்ரோவிலிருந்து விலகியதால் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மதிப்பெண் பட்டியலில், விலகினாள் என்பதைக் காட்டும் ஒரு W விழுந்தது. அனாட்டமியில் C. பாஸ்தான், ஆனால் சீட் குறைவாகவும் விண்ணப்பம் அதிகமாகவும் உள்ள இடங்களில் அறிவியல் பாடங்களின் கிரேடைத் தனியாகக் கணக்கிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். C-யோடு நிற்பவருக்கு அந்த வரிசையில் இடம் வருவது கடினம். திரும்ப எடுக்கலாமே என்றால், ஒரு பாடத்தை ஒருமுறைதான் திரும்ப எடுக்கலாம் என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் நர்ஸிங் ப்ரோகிராம்கள் நிறைய.

இன்னொரு தவறையும் அடிக்கடி பார்க்கிறேன், இது புத்திசாலித்தனமாகத் தோன்றும் தவறு. லேசான பாடங்களையெல்லாம் முதல் வருடமே முடித்துவிடுவார்கள். அப்புறம் அறிவியல் பாடங்கள் மட்டும் மிஞ்சும், அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துத்தான் எடுத்தாக வேண்டும். லேசான பாடங்களைச் சேமித்து வையுங்கள். அனாட்டமி முதல் பாகத்தோடு இங்கிலீஷ், இரண்டாம் பாகத்தோடு ஸ்டாட்டிஸ்டிக்ஸ், மைக்ரோவோடு சைக்காலஜி என்று ஜோடி சேர்த்தால் மூச்சுவிட முடியும். அதற்காக ரொம்பவும் இழுத்தடிக்கவும் கூடாது. அறிவியல் பாடம் முடித்து ஐந்து அல்லது ஏழு வருடம் தாண்டினால் ஏற்காத ப்ரோகிராம்கள் பல. நீங்கள் சேர நினைக்கும் இடத்தின் விதியை முதலிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மரில் மைக்ரோ எடுக்காதீர்கள். 15 வாரப் பாடத்தை எட்டு வாரத்தில் நடத்துவார்கள், வாரச் சுமை ஏறக்குறைய இரண்டு மடங்கு. மைக்ரோ லேபில் பாக்டீரியாவுக்குச் சாயமேற்றி வகை பிரிக்கும் கிராம் ஸ்டெயினில் ஆல்கஹாலைச் சில விநாடி கூடுதலாக விட்டால்கூட ஊதாவாக நிற்க வேண்டிய பாக்டீரியா வெளிறி, கடைசியில் சிவப்பாகத் தெரியும். அந்தக் கைப்பழக்கத்துக்கு நாலு முறை தப்பாகச் செய்து பார்க்க நேரம் வேண்டும்.

விசாவையும் பாருங்கள். எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் மனைவி அல்லது கணவர், பிள்ளைகளுக்கானது) இருப்பவர்கள் பகுதிநேரமாகவும் படிக்கலாம், குறைந்தபட்ச கிரெடிட் எதுவும் கிடையாது. எஃப்-1 மாணவர் விசா என்றால் வழக்கமான செமஸ்டரில் 12 கிரெடிட் வேண்டும், அதற்குக் கீழே இறங்கும் முன் காலேஜில் வெளிநாட்டு மாணவர்களின் விசா விஷயங்களைக் கவனிக்கும் அதிகாரியான டி.எஸ்.ஓ.விடம் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். கிரீன் கார்டு இருந்து அரசு உதவித்தொகை பெறுபவர்கள், ஒரு பாடத்தை விடுவதற்கு முன் உதவித்தொகை அலுவலகத்தில் பேசிவிடுங்கள். பாதியில் விட்ட பாடமும் அவர்கள் பார்க்கும் முன்னேற்றக் கணக்கில் எடுத்த பாடமாகவே சேரும்.

சரி, எப்படியோ பாஸ் செய்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. நோயாளிக்குச் சிறுநீர் போக ஃப்யூரோஸமைடு கொடுக்க வேண்டிய நேரத்தில், அன்றைய ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைவாக வந்திருக்கும். அந்த மருந்து பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியேற்றும், இன்னும் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். மருந்தை நிறுத்தி வைத்து டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று அந்த நிமிடம் நர்ஸுக்குத் தோன்ற வேண்டும். எனக்கு அப்படித் தோன்றுவது அனாட்டமி இரண்டாம் பாகத்தில் சிறுநீரகத்தை நிதானமாகப் படித்ததால்தான்.

அந்தத் தங்கை முதல் பாகத்தைத் திரும்ப எடுத்து A வாங்கினாள். இப்போது இரண்டாம் பாகமும் ஸ்டாட்டிஸ்டிக்ஸும் மட்டும் படிக்கிறாள். போன சனிக்கிழமை பெரியவனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவன் ஓரமாக உட்கார்ந்து கலர் பென்சிலால் ஏதோ வரைந்துகொண்டிருக்க, இவள் புத்தகத்தைத் திறக்காமலே போர்டில் சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அமைப்பான நெஃப்ரானை முழுதாக வரைந்து, சோடியம் எங்கே போகிறது, பொட்டாசியம் எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டு எனக்குச் சொல்லிக் காட்டினாள்.