25 நொடியில் ஒரு கிண்ணம் உடோன்

ஜப்பானில் ஹிரோஷிமாவை ஒட்டிய எதாஜிமா தீவில் ஒரு சோயா சாஸ் நிறுவனம் இருக்கிறது. ‘தாஷி தோராகு’ என்ற பெயரில் அது அரை லிட்டர் பெட் பாட்டில்களை வெண்டிங் மெஷின் வழியாக விற்கிறது. பாட்டில் நிறையக் கரும்பழுப்புச் சாறு, அதற்குள் முழுசாக ஒரு சுட்ட மீன். நம் ஊர் மீனவர்கள் பறவைக்கோலா என்பார்களே, அந்த வகை. கார் நிறுத்துமிடங்களின் ஓரத்தில், குளிர்பானம் விற்கும் மெஷின்களைப் போலவே இதுவும் சாதுவாக நிற்கும்.

இந்த மாதிரி மெஷின்களின் படங்கள் வாட்ஸாப்பில் சுற்றும்போது சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அகிதா மாகாணத்தில் கரடிக்கறி, யோகோஹாமாவில் திமிங்கிலக்கறி, சப்போரோவில் டப்பாவில் அடைத்த கேக். விற்கும் பொருள் வினோதம்தான். ஆனால் எனக்கு மெஷினின் உள்பக்கம் அதைவிடச் சுவாரசியமாகப் படுகிறது. சமைக்க ஆளில்லை, பரிமாற ஆளில்லை. தெருவோரம் வெயிலிலும் பனியிலும் நிற்கிற இரும்புப் பெட்டி. அதற்குள் உணவைக் கெடாமல், நசுங்காமல், சரியான சூட்டில் வைத்திருக்க வேண்டும். ரொம்ப காலத்துக்கு உணவுதான் மெஷினுக்கு வளைந்து கொடுத்தது. மெஷின் உணவுக்கு வளைந்து கொடுக்கத் தொடங்கியது சமீபத்தில்தான்.

மீன் பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். மீன் அங்கே அலங்காரத்துக்காக இல்லை. சோயா சாஸில் குளுட்டமேட் நிறைய உண்டு. கடற்பாசியிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, நாக்குக்குத் தனியாக ஒரு சுவையைத் தருவது இதுதான் என்று 1908இல் சொன்னவர் கிகுனாயே இகேதா. அவரிடம் பயின்ற ஷிந்தாரோ கொடாமா, 1913இல் காய்ந்த சூரை மீனில் இனோசினேட் என்ற இன்னொரு பொருளைக் கண்டார். இரண்டும் தனித்தனியே நாக்கில் படுவதற்கும் சேர்ந்து படுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. சேர்ந்தால் சுவை வெறுமனே கூடுவதில்லை, பல மடங்கு பெருகுகிறது. சாஸ் ஒன்றைத் தருகிறது, மீன் மற்றதைத் தருகிறது. சாஸில் உள்ள உப்பு கெடாமல் பார்த்துக்கொள்கிறது. மெஷினைப் பொறுத்தவரை அது இன்னொரு பாட்டில், அவ்வளவுதான். உள்ளே மீன் இருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

பானம் விற்கும் மெஷின் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: பொருள் உருளையாக இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் உள்ளே மேலிருந்து கீழாக வளைந்து வளைந்து இறங்கும் பாதைகள் தெரியும். டப்பாக்கள் படுத்தவாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பாதையின் அடியில் இரண்டு தடுப்புகள். நீங்கள் பொத்தானை அழுத்தியதும் கீழ்த்தடுப்பு விலகிக் கடைசி டப்பாவை விடும். அதே நேரத்தில் மேல்தடுப்பு நீண்டு, அடுத்த டப்பாவைப் பிடித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் புவியீர்ப்பின் வேலை. வளைவுகள் எதற்கு என்றால், மேலேயிருந்து நிரப்பும்போது டப்பா நேராக விழுந்து நசுங்காமல் உருண்டு இறங்கத்தான். இதில் மின்சாரச் சிக்கனமும் உண்டு. மொத்தப் பாதையையும் குளிர்விக்க வேண்டியதில்லை. அடுத்து விற்கப்போகிற கீழ்ப்பகுதியை மட்டும் கவனித்தால் போதும்.

1973இல் பொக்கா என்ற பான நிறுவனமும் மெஷின் தயாரிக்கும் சாண்டனும் சேர்ந்து சூடு, குளிர் இரண்டையும் விற்கும் மெஷினைக் கொண்டுவந்தார்கள். அதன் பிறகுதான் குளிர்காலத்திலும் மெஷினுக்கு வேலை வந்தது. காபி, தேநீர், அப்புறம் சோளச் சூப், சிவப்புப் பயற்றில் செய்யும் இனிப்புக் கஞ்சி எல்லாம் டப்பாவுக்குள் போயின. டோக்கியோவின் அகிஹபாராவில் ‘ஓடென்’ டப்பாவே பிரபலம். மீன் பசையில் செய்த துண்டுகள், காடை முட்டை, கொன்யாக்கு என்ற கிழங்குமாவு ஜெல்லி எல்லாம் சாறோடு சேர்ந்து டப்பாவுக்குள் இருக்கும். ஒரே பெட்டியில் சூட்டையும் குளிரையும் வைத்தால் மின்சாரம் வீண்தானே என்று தோன்றும். ஆரம்பத்தில் வீணாகத்தான் போனது: ஒரு பக்கம் குளிரூட்டி, மறுபக்கம் ஹீட்டர். குளிரூட்டி எப்படியும் குளிர் அறையிலிருந்து உறிஞ்சிய வெப்பத்தை எங்காவது வெளியேற்றியாக வேண்டும். அதைத் தெருவில் விடாமல் பக்கத்துச் சூடான அறைக்குள் விடுவதுதான் இப்போதைய வெப்பப் பம்பு மெஷின்களின் வேலை.

சூடான டப்பாவின் வெப்பநிலை ஏறக்குறைய 55 டிகிரி. கையில் பிடிக்க இதமாக இருக்கும், வாய் பொள்ளாது. ஆனால் நுண்ணுயிரியல் தெரிந்தவர்களுக்கு இந்த எண்ணைக் கேட்டாலே நெற்றி சுருங்கும். திறந்த பானத்தைக் கையாளும் மெஷின்களுக்கு ஜப்பானில் உள்ள விதி, 10 டிகிரிக்குக் கீழே வை அல்லது 63க்கு மேலே வை என்பது. 55 இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. டப்பா மூடி முத்திரையிட்டது, 120 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் கொதித்துக் கிருமி நீங்கியது என்பதால் மட்டுமே இது சாத்தியம்.

அப்படியும் ஒரு கிருமி தப்பிவிடுகிறது. பெயர் மூரெல்லா தெர்மோஅசெட்டிகா. இதன் வித்துகள் 120 டிகிரியையும் தாங்கும். ஆக்சிஜன் வேண்டாம். பிடித்த வெப்பநிலை 55 முதல் 60 வரை. பால் கலந்த, சர்க்கரை போட்ட காபியை மூடி, இந்தச் சூட்டிலேயே நாள்கணக்கில் வைப்பதைவிட அதற்கு நல்ல வீடு கிடைக்காது. இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை அது மூன்று அசெட்டிக் அமிலமாக உடைத்துவிடும், வாயு மிஞ்சாது. கெட்டுப்போன டப்பா உப்பினால் வெளியிலேயே தெரிந்துவிடும். இது உப்பாது. திறந்து வாயில் வைத்தால்தான் புளிப்பு தெரியும்.

இன்னும் அதிகமாகக் கொதிக்க வைத்தால் பாலின் மணம் போய்விடும். அதனால் வேறு வழி கண்டுபிடித்தார்கள். சர்க்கரையையும் பனை எண்ணெயில் கிடைக்கும் பால்மிட்டிக் அமிலத்தையும் இணைத்துச் செய்த ஒரு எஸ்டரைத் துளியளவு சேர்க்கிறார்கள். பாலும் கொழுப்பும் பிரியாமல் பார்த்துக்கொள்ளும் பொருள் அது. கூடவே அந்த வித்து முளைக்காமலும் தடுக்கிறது. வித்து சாவதில்லை, தூக்கத்திலேயே கிடக்கிறது. ஜப்பானியப் பால் காபி டப்பாவின் பொருள் பட்டியலில் ‘குழம்பாக்கி’ என்று ஒரு சொல் கண்ணில் படும். அதன் பின்னால் இருக்கும் கதை இதுதான். சாதாரண மனிதர் யார் அதைப் படிக்கப் போகிறார்கள்?

சரி, டப்பாவுக்குள் அடங்காத சாப்பாட்டுக்கு வருவோம். 1970களில் ஃபூஜி எலெக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்), சோபா (பக்வீட் மாவு நூடுல்ஸ்) சமைத்துத் தரும் மெஷின்களைச் செய்தன. லாரி ஓட்டுநர்கள் நடுராத்திரியில் நிறுத்திச் சாப்பிடும் நெடுஞ்சாலையோர நிலையங்களில் இவை வரிசையாக நின்றன. காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் நிக்ஸி குழாயில் எண்கள் இறங்கிக்கொண்டே வரும். ஏறக்குறைய 25 நொடி. கீழே சின்னக் கதவுக்குள் ஆவி பறக்கும் கிண்ணம்.

25 நொடியில் மாவு வேகாது. நூடுல்ஸ் முன்பே வெந்தது. கடைக்காரர் காலையில் வந்து, ஒவ்வொரு கிண்ணத்திலும் நூடுல்ஸ் வைத்து மெஷினின் குளிர் அறையில் அடுக்கிவிட்டுப் போவார். பல இடங்களில் பொரித்த டெம்புராவை நூடுல்ஸுக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள். காரணம் இதோ வருகிறது. பொத்தான் அழுத்தியதும் கிண்ணத்தில் வெந்நீர் கொட்டும். உடனே கிண்ணம் வேகமாகச் சுழலும், துணி துவைக்கும் மெஷினின் டிரையரைப் போல. தண்ணீர் கிண்ணத்தின் சாய்வான சுவர் வழியாக ஏறி வெளியே தெறித்துவிடும். ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் நூடுல்ஸ் உள்ளேயே இருக்கும். மேலே டெம்புராவை வைத்தால் அதுவும் பறந்திருக்கும். மறுபடி வெந்நீர், மறுபடி சுழற்சி. கடைசியில்தான் சூடான சாறு.

வெந்நீரை ஊற்றி வெளியே தள்ளுவது எதற்கு? நேரடியாகச் சாற்றை ஊற்றினால் என்ன? உத்தேசமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 டிகிரியில் இருக்கும் 200 கிராம் நூடுல்ஸ் மீது 90 டிகிரியில் 300 மில்லி சாற்றை ஊற்றினால் கலவை ஏறக்குறைய 60 டிகிரியில் நிற்கும். வெதுவெதுப்பான நூடுல்ஸை ஜப்பானில் யாரும் மன்னிக்க மாட்டார்கள். வெந்நீர்க் குளியலால் நூடுல்ஸ் முதலிலேயே 65 டிகிரிக்கு ஏறியிருந்தால், அதே சாறு 80 டிகிரிக்கு மேல் நிற்கும். நூடுல்ஸைச் சூடாக்கும் வேலையை விலையில்லாத தண்ணீர் செய்துவிடுகிறது. சாறும் நீர்த்துப்போவதில்லை. கடையில் சமையல்காரர் கம்பி வலைக் கரண்டியில் நூடுல்ஸை அள்ளி வெந்நீரில் முக்கி உதறுவார். அந்த உதறலைத்தான் பொறியாளர்கள் சுழற்சியாக மாற்றினார்கள். இந்த மெஷின்களின் உலகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த சாதனம் இதுதான்.

ஆனால் ருசி? உண்மையைச் சொன்னால், மெஷின் உடோன் கொழகொழவென்று இருக்கும். அதற்கு மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல உடோன் வெந்த நிமிடத்தில் அதன் மேற்புறத்தில் சுமார் 80 சதவீதம் ஈரம், நடுவில் 50 சதவீதம்தான். பல் இறங்கும்போது தெரியும் அந்த எதிர்ப்பு இந்த வித்தியாசத்தால் வருவது. நேரம் ஆக ஆக ஈரம் உள்ளே பரவி எல்லா இடமும் ஒன்றாகிவிடும். குளிர்பெட்டி இன்னொரு கெடுதலும் செய்கிறது. வெந்த மாவுச்சத்து பழையபடி இறுகுவது 0 முதல் 5 டிகிரிக்குள்தான் மிக வேகமாக நடக்கும். ஃபிரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் விறைத்துப்போவதும் இதனால்தான். வெந்தவுடன் சட்டென்று உறைய வைத்து மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் இரண்டும் நின்றுவிடும். ஈரம் இருந்த இடத்தில் இருக்கும், மாவுச்சத்தும் அசையாது. உறைந்த உடோன், குளிரூட்டிய உடோனைவிட ஒசத்தி என்பது கேட்கத் தலைகீழாக இருந்தாலும் உண்மை.

உணவுக்கு மெஷின் வளைந்தது இங்கேதான். 2021 ஜனவரியில் சாண்டன் ரீடெயில் சிஸ்டம்ஸ் ‘தொஹியெமோன்’ என்ற உறைநிலை மெஷினை வெளியிட்டது. உள்ளே உள்ள தட்டுகளைப் பையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் ஏற்ப மாற்றிப் பொருத்தலாம். பை, கிண்ணம், பெட்டி எதுவானாலும் சரி. கொரோனா காலம் அது. உணவகங்கள் இரவு 8 மணிக்கே கதவடைக்க வேண்டியிருந்தது. ராமென் கடைக்காரர்கள் சாறு, நூடுல்ஸ், பன்றிக்கறித் துண்டு என்று தனித்தனிப் பையில் உறைய வைத்து, கடை வாசலிலேயே மெஷினை நிறுத்தினார்கள். கியோசா என்ற கறிக் கொழுக்கட்டை, கறிக்குழம்பு, குடல் கறி எல்லாம் பின்னாலேயே வந்தன.

இந்த மெஷின் எதையும் உறைய வைப்பதில்லை, உறைந்ததைக் காக்கிறது. உறைய வைக்கும்போது மைனஸ் 1 முதல் மைனஸ் 5 வரையிலான கட்டத்தை எவ்வளவு சீக்கிரம் தாண்டுகிறோமோ அவ்வளவு நல்லது. மெதுவாகத் தாண்டினால் பனிப்படிகங்கள் பெரிதாகி இறைச்சியின் செல்களைக் கிழித்துவிடும். உருகும்போது ருசியெல்லாம் நீராக வடியும். அந்த வேலை சமையலறையில் முடிந்துவிடுகிறது. மெஷினுக்கு வரும் சோதனை வேறு. வெப்பநிலை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால், சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்துவிடும். ஆகஸ்ட் மாத வெயிலில் நிற்கும் பெட்டி உள்ளே அசையாத குளிரைக் காப்பாற்ற வேண்டும்.

குளிர் எப்போதும் நன்மை என்றும் நினைக்க வேண்டாம். 2010இல் டோல் நிறுவனம் ஷிபுயா நிலையத்தில் வாழைப்பழ மெஷின் வைத்தது. வாழைப்பழத்துக்கு 13 டிகிரிக்குக் கீழே போனாலே தோல் கறுக்கும். பான மெஷினின் 5 டிகிரி அதற்கு ஆகவே ஆகாது. கிராமப்புறங்களில் முட்டைக்கு வேறு பிரச்சினை: விழக் கூடாது. அங்கே லாக்கர்தான். காசு போட்டால் உங்கள் அறையின் கதவு திறக்கும், முட்டையை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கரடிக்கறி மெஷின் 2022 நவம்பரில் அகிதாவின் தசவாகோ ரயில் நிலையம் அருகே வந்தது. உள்ளூர் வேட்டைக்காரர்கள் பிடித்த கரடி. அப்போது 250 கிராம் 2,200 யென். திமிங்கிலக்கறியை 2023 ஜனவரியில் யோகோஹாமாவில் மெஷினில் விற்கத் தொடங்கியது கியோதோ செம்பாக்கு என்ற திமிங்கில வேட்டை நிறுவனமேதான். பல பெரிய கடைகள் அந்தக் கறியை அடுக்க மறுக்கின்றன, மெஷின் மறுக்காது. அறிவியலாகப் பார்த்தால் இரண்டுமே உறைந்த பொருள்தான், புதிதாக ஒன்றுமில்லை.

பழைய உடோன் மெஷின்களின் உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. ஒன்று பழுதானால் இன்னொன்றைப் பிரித்து உதிரிபாகம் எடுக்கிறார்கள். கனகாவா மாகாணத்தின் சகமிஹாராவில் பழைய டயர் விற்கும் கடை ஒன்று இப்படிப்பட்ட மெஷின்களை வாங்கிப் பழுதுபார்த்து, ஏறக்குறைய நூறு மெஷின்களை வாசலில் வரிசையாக ஓடவிட்டிருக்கிறது. அலுமினியத் தாளில் சுற்றிய ரொட்டியை இரு சூடான தகடுகளுக்கு நடுவில் அழுத்தித் தரும் மெஷினையும் அங்கே பார்க்கலாம்.

ஜப்பான் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. உறைந்த ராமெனை ஆசைப்பட்டு வாங்கினால் அடுப்பு வேண்டும். ஹோட்டல் அறையில் பெரும்பாலும் கெட்டில்தான் இருக்கும். மீன் பாட்டிலை விமானத்தில் கைப்பையில் கொண்டுவர முடியாது, பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். சைவக்காரர்கள் காய்கறி டெம்புரா உடோனையும் நம்ப வேண்டாம். அதன் சாறு மீனில் கொதித்தது.